குழந்தையின் இருமலுக்குச் சீசா மருந்து தேவையா?

பனிக்காலம் பிறந்துவிட்டால் ஆலைத் தொழிலாளியின் வீட்டிலும் விவசாயக் கூலியின் குடிசையிலும் இரவெல்லாம் கேட்பது ஒரே சத்தம்தான். அது குழந்தையின் இருமல். மூக்கடைத்துப் பால் குடிக்க முடியாமல் குழந்தை அழுகிறது. விடிந்தால் தகப்பனுக்கு முதல் ஷிப்டு; தாய்க்கு நடவு வேலை. இருவரில் யார் வீட்டில் தங்கினாலும் அன்றையக் கூலி போய்விடும். ஆகவே மருந்துக் கடைக்குப் போய், "குழந்தைக்குச் சளி, இருமல், நல்ல டானிக்காகக் கொடுங்கள்" என்று கேட்கிறார்கள். கடைக்காரர் ஒரு சீசாவை எடுத்து நீட்டுகிறார். இனிப்பாக இருப்பதால் குழந்தை தடையின்றிக் குடிக்கிறது; குடித்ததும் தூங்கிவிடுகிறது. பெற்றோருக்கும் நிம்மதி.

அந்தச் சீசாவுக்குள் என்ன இருக்கிறது? அது சளியைக் குணப்படுத்துகிறதா? சிறு குழந்தைக்கு அதைக் கொடுக்கலாமா? இந்தக் கேள்விகளை உழைக்கும் மக்கள் இன்று கேட்டே ஆகவேண்டும். ஏனெனில் கேட்காததற்குக் குழந்தைகளின் உயிர்கள் விலையாகக் கொடுக்கப்பட்டிருக்கின்றன.

காஞ்சிபுரத்திலிருந்து போன விஷம்

2025 செப்டம்பர் மாதத்தில் மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாரா மாவட்டத்தில் சிறு குழந்தைகள் ஒருவர் பின் ஒருவராக மடிந்தார்கள். அங்கே பராசியா என்ற ஊர்ப்பக்கம் நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்த வட்டாரம். முதலில் சாதாரணச் சளியும் காய்ச்சலும்தான் இருந்தன. பிறகு வாந்தி வந்தது. பிறகு சிறுநீர் நின்றது. சிறுநீரகங்கள் செயலற்றுப் போயின. நாகபுரி ஆஸ்பத்திரிகளுக்குத் தூக்கிக்கொண்டு ஓடியும் பல குழந்தைகள் பிழைக்கவில்லை. மாண்டவர்களின் எண்ணிக்கை இருபதைத் தாண்டியது. பெரும்பாலோர் ஐந்து வயது நிரம்பாதவர்கள்.

அவர்கள் குடித்தது 'கோல்ட்ரிப்' என்ற இருமல் மருந்து. அது தயாரானது வேறெங்கோ அல்ல; நமது தமிழ்நாட்டில், காஞ்சிபுரம் மாவட்டத்தில், ஸ்ரீசன் பார்மா என்ற கம்பெனியில். தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அக்டோபர் தொடக்கத்தில் அந்த மருந்தைச் சோதித்தது. அதில் 48.6 சதவிகிதம் டை எத்திலீன் கிளைக்கால் என்ற விஷம் இருப்பது தெரியவந்தது. அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 சதவிகிதம் மட்டுமே. அதாவது சீசாவில் ஏறத்தாழப் பாதி விஷம்!

இந்த விஷம் என்ன? மோட்டார் வண்டியின் பிரேக் எண்ணெயிலும், இயந்திரத்தைக் குளிர வைக்கும் திரவத்திலும் சேர்க்கப்படும் தொழிற்சாலைச் சரக்கு அது. நிறமில்லாதது, தித்திப்பானது. இருமல் மருந்துக்குள் அது எப்படி வருகிறது? மருந்துப் பொடிகள் வெறும் தண்ணீரில் நன்றாகக் கரைவதில்லை. ஆகவே புரொப்பிலீன் கிளைக்கால், கிளிசரின் போன்ற திரவங்களில் கரைக்கிறார்கள். மருந்துக்கென்று சுத்தம் செய்யப்பட்ட திரவத்துக்கு விலை அதிகம். தொழிற்சாலை உபயோகத்துக்கென்று விற்கப்படும் சரக்குக்கு விலை குறைவு; அதில் இந்த விஷம் கலந்திருக்கக்கூடும். மலிவான சரக்கை வாங்கிச் சோதிக்காமல் ஊற்றினால் மருந்து விஷமாகிவிடுகிறது. பார்த்தோ, முகர்ந்தோ, ருசித்தோ அதைக் கண்டுபிடிக்க எந்தத் தாயாலும் முடியாது. டாக்டராலும் முடியாது. சோதனைச்சாலையால்தான் முடியும்.

இது புதிய விபத்து என்று யாரும் சொல்லிவிட முடியாது. 1937-ல் அமெரிக்காவில் இதே விஷத்தில் கரைத்து விற்ற மருந்தைக் குடித்து நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அதன் பிறகுதான் 1938-ல் அங்கே கடுமையான மருந்துச் சட்டம் வந்தது. 1972-ல் நமது சென்னையிலேயே குழந்தைகள் இதே விஷத்துக்குப் பலியானார்கள். 1986-ல் பம்பாய் ஜே.ஜே. ஆஸ்பத்திரியில் 14 நோயாளிகள். 1998-ல் டெல்லியை அடுத்த குர்காவில் 33 குழந்தைகள். 2020 தொடக்கத்தில் ஜம்முவின் ராம்நகரில் பன்னிரண்டு குழந்தைகள். 2022-ல் ஆப்பிரிக்காவின் காம்பியா நாட்டில் இந்தியாவிலிருந்து போன சிரப்புகளைக் குடித்து எழுபது குழந்தைகள் வரை மடிந்தார்கள். ஒவ்வொரு முறையும் அதே விஷம், அதே கதை. சோதனைக்குச் செலவிட வேண்டிய பணத்தை மிச்சம் பிடித்தார்கள். சோதிக்க வேண்டிய அதிகாரிகள் சோதிக்கவில்லை.

காஞ்சிபுரம் விஷயத்திலும் இதுதான் நடந்தது. குழந்தைகள் இறந்த பிறகு அந்தத் தொழிற்சாலைக்குள் நுழைந்த அதிகாரிகள் 350-க்கும் மேற்பட்ட குறைபாடுகளைக் கண்டுபிடித்தார்கள். கம்பெனி உரிமையாளர் கைதானார், லைசென்ஸ் ரத்தானது, இரண்டு மூத்த மருந்து ஆய்வாளர்கள் தற்காலிகமாக நீக்கப்பட்டார்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மருந்தில் விஷம் இருப்பதைக் கண்டுபிடிக்க நமது சர்க்கார் சோதனைச்சாலைக்கு இரண்டொரு நாள்தான் தேவைப்பட்டது. அந்த இரண்டொரு நாளைச் சீசா வெளியே போகும் முன் செலவிட்டிருந்தால் சிந்துவாராவின் குழந்தைகள் இன்று விளையாடிக்கொண்டிருப்பார்கள்.

சுத்தமான சிரப்பும் சளியை விரட்டாது

"விஷம் கலந்த சீசாவை விடுங்கள், நல்ல கம்பெனிச் சிரப்பைக் கொடுக்கலாமே?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பதிலைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம்: சிறு குழந்தையின் சாதாரணச் சளிக்கு அதுவும் தேவையில்லை.

சளி பெரும்பாலும் வைரஸ் என்ற நுண்கிருமியால் வருகிறது. அதைக் கொல்லும் சிரப் எதுவும் கடையில் இல்லை. ஆன்டிபயாட்டிக் மருந்தும் வைரஸைத் தொடாது. சிறு குழந்தைக்கு வருஷத்தில் ஆறு, எட்டு முறை சளி பிடிப்பது சகஜம். ஒரு வாரம் அல்லது பத்து நாளில் உடம்பே அதை விரட்டிவிடும். இருமல் மட்டும் இரண்டு வாரத்துக்கு மேலும் இழுக்கலாம். மருந்து கொடுத்தாலும் ஒரு வாரம், கொடுக்காவிட்டாலும் ஏழு நாள்! ஆனால் கொடுத்தவர்கள் மருந்தால்தான் குணமானது என்று நம்பிவிடுகிறார்கள். உடம்பு செய்த வேலைக்குச் சீசா கூலி வாங்கிக்கொள்கிறது.

"குழந்தை நன்றாகத் தூங்குகிறதே?" என்று கேட்கலாம். தூங்கும்தான். பல சிரப்புகளில் குளோர்பெனிரமைன் என்ற மருந்து இருக்கிறது. அது மயக்கம் தரும். தூக்கம் வேறு, குணம் வேறு. மூக்கடைப்புக்கென்று சேர்க்கும் பினைல்எப்ரின் இதயத்தைப் படபடக்க வைக்கக்கூடும். டெக்ஸ்ட்ரோமெத்தார்பான் என்ற இருமல் மருந்தால் 2021-ல் டெல்லியில் குழந்தைகள் பலர் நச்சுப் பாதிப்புக்கு உள்ளாகி, அவர்களில் 3 பேர் இறந்தார்கள். கோடீன் கலந்த சிரப் மூச்சையே அடக்கிவிடலாம். 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அது ஆகாது.

சர்க்காரே இதை ஒப்புக்கொண்டிருக்கிறது. குளோர்பெனிரமைனும் பினைல்எப்ரினும் சேர்ந்த மருந்தை 4 வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குக் கொடுக்கக்கூடாது என்று 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அறிவித்தது. சீசாவின் மேல் அதை அச்சிட வேண்டும் என்றும் உத்தரவிட்டது. 2025 அக்டோபரில் மத்திய சுகாதாரப் பணிகள் தலைமை இயக்குநரகம் மேலும் சொன்னது: 2 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இருமல், சளி மருந்து எழுதவே கூடாது; 5 வயதுக்குட்பட்டவர்களுக்குப் பொதுவாகத் தேவையில்லை. எச்சரிக்கை டெல்லியில் அச்சாகிறது. ஆனால் அது பஞ்சாலை வாசலுக்கும் வயற்காட்டுக்கும் வந்து சேர்ந்ததா?

வீட்டில் என்ன செய்வது?

அப்படியானால் குழந்தை இருமும்போது கையைக் கட்டிக்கொண்டு உட்காருவதா? அல்ல. செய்ய வேண்டியவை உண்டு.

ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்குத் தாய்ப்பாலே மருந்து. கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுக்க வேண்டும். அதைவிடப் பெரிய குழந்தைக்கு இளஞ்சூடான கஞ்சி, ரசம், காய்ச்சி ஆறிய தண்ணீர் கொடுக்கலாம். மூக்கடைத்திருந்தால் மருந்துக் கடையில் கிடைக்கும் வெறும் உப்புத் தண்ணீர்ச் சொட்டை மூக்கில் விட்டு, மெல்லிய துணியால் துடைத்துவிட வேண்டும். ஒரு வயது தாண்டிய குழந்தைக்குப் படுக்கும் முன் ஒரு சிறு கரண்டி தேன் இருமலைத் தணிக்கும். ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய கிருமி பச்சைக் குழந்தைக்கு ஆபத்து.

வழக்கமாகச் செய்யும் சிலவற்றை நிறுத்தவும் வேண்டும். மூக்கிலும் தொண்டையிலும் எண்ணெய் விடாதீர்கள். அது நுரையீரலுக்குள் இறங்கிக் காயம் செய்யும். எண்ணெயில் கற்பூரத்தைக் கரைத்துக் கைக்குழந்தையின் மார்பில் தேய்க்காதீர்கள், வலிப்பு வரலாம். பிராந்தி ஒரு துளிகூடக் கூடாது. கொதிக்கும் பாத்திரத்தின் முன் குழந்தையை உட்காரவைத்து ஆவி பிடிக்காதீர்கள். வெந்துபோன குழந்தைகள் பலர். சாம்பிராணிப் புகை, விறகடுப்புப் புகை, பீடிப் புகை எல்லாம் இருமலை வளர்க்கும். தகப்பன்மார்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

மூச்சை எண்ணுங்கள்

சளி பெரும்பாலும் தானே போய்விடும். ஆனால் அது நிமோனியாவாக மாறினால் உயிருக்கு ஆபத்து. இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு. அதற்குக் காசு வேண்டாம், படிப்பும் வேண்டாம்.

குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, வயிறும் மார்பும் ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிஷம் எண்ணுங்கள். செல்போனில் உள்ள கடிகாரம் போதும். இரண்டு மாதம் ஆகாத குழந்தைக்கு நிமிஷத்துக்கு 60 அல்லது அதற்கு மேல். இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50 அல்லது அதற்கு மேல். ஒன்று முதல் ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது சாதாரணச் சளியல்ல. உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும்.

மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலும், பாலோ தண்ணீரோ குடிக்க முடியாவிட்டாலும், குடித்ததையெல்லாம் வாந்தி எடுத்தாலும், வலிப்பு வந்தாலும், எழுப்பினாலும் விழிக்காமல் துவண்டு கிடந்தாலும், உதடு நீலம் பாரித்தாலும் ஒரு நிமிஷமும் தாமதிக்கக்கூடாது. 108-க்குப் போன் செய்யுங்கள். ஏதாவது சிரப் குடித்த குழந்தைக்கு வாந்தி வந்து, அரை நாளாகச் சிறுநீரும் போகவில்லையென்றால் அந்தச் சீசாவையும் கையோடு எடுத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். இரண்டு மாதம் நிரம்பாத குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலே டாக்டரிடம் காட்ட வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நின்றபாடில்லை என்றால் காசநோய்ச் சோதனையும் அவசியம்.

மருந்தெல்லாம் விஷம் என்று நாம் சொல்லவில்லை. நிமோனியாவுக்கு டாக்டர் எழுதித் தரும் ஆன்டிபயாட்டிக் உயிர் காக்கும். அதை இடையில் நிறுத்தக்கூடாது. இழுப்புக்கு டாக்டர் தரும் மருந்தும் அப்படித்தான். நிமோனியாவைத் தடுக்கும் தடுப்பூசி 2021 முதல் நாடு முழுவதும் சர்க்கார் திட்டத்தில் இலவசமாகப் போடப்படுகிறது. அதைத் தவறவிடாதீர்கள்.

காய்ச்சல் மருந்திலும் அளவு வேண்டும்

காய்ச்சல் அதிகமாகிக் குழந்தை வாடினால் பாரசிட்டமால் கொடுக்கலாம். ஆனால் அளவு வயதைப் பொறுத்ததல்ல, எடையைப் பொறுத்தது. 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு வேளைக்கு 100 முதல் 150 மில்லிகிராம். இரண்டு வேளைக்கு நடுவே 4 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். ஒரு நாளில் 4 முறைக்கு மேல் போகக்கூடாது.

இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். ஒரு சிரப்பில் 5 மில்லிக்கு 120 அல்லது 125 மில்லிகிராம் மருந்து இருக்கும். இன்னொன்றில் அதே 5 மில்லிக்கு 250 மில்லிகிராம். கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்திலோ ஒரே ஒரு மில்லியில் 100 மில்லிகிராம்! சிரப் என்று நினைத்துச் சொட்டு மருந்தை 5 மில்லி ஊற்றினால் 500 மில்லிகிராம் உள்ளே போய்விடும். அளவு மீறினால் ஈரல் கெட்டுவிடும். ஆகவே சீசாவில் எழுதியிருப்பதை எழுத்துக் கூட்டியாவது படியுங்கள். முடியாவிட்டால் கிராம நர்ஸிடமோ பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடமோ காட்டிப் படிக்கச் சொல்லுங்கள். சமையல் கரண்டியால் அளக்காதீர்கள். மருந்தோடு வரும் அளவு மூடியால் அளவுங்கள். பல சளி சிரப்புகளிலும் பாரசிட்டமால் இருக்கிறது. அதையும் கொடுத்து இதையும் கொடுத்தால் இரட்டை அளவாகிவிடும். ஆஸ்பிரினை டாக்டர் சொல்லாமல் குழந்தைக்குக் கொடுக்கவே வேண்டாம். பெரியவர்களின் மருந்தைப் பாதியாக்கியும், பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு மிஞ்சியதை வாங்கியும் கொடுக்க வேண்டாம்.

லீவு இல்லாதவர் வாங்கும் சீசா

இவ்வளவையும் படித்த பிறகும் நாளைக்கு ஒரு தாய் கடையில் சிரப் வாங்கத்தான் போகிறாள். அவளை அறியாமைக்காரி என்று திட்டுவது சுலபம். அது நியாயமல்ல. மேலே சொன்ன வைத்தியத்துக்கு விலையே இல்லை; ஆனால் அதற்கு ஒரு ஆள் வேண்டும். அடிக்கடி பால் கொடுக்க, மூக்கைத் துடைக்க, மூச்சை எண்ண யாராவது வீட்டில் இருக்க வேண்டும். அந்த ஆளைத்தான் ஆலையும் பண்ணையும் எடுத்துக்கொண்டுவிடுகின்றன. ஈ.எஸ்.ஐ. கார்டு உள்ள தொழிலாளிக்குக்கூட நோய்க்கால உதவித்தொகை தனக்கு நோய் வந்தால்தான். குழந்தைக்கு நோய் வந்தால் கிடையாது. கூலி விவசாயிக்கு அதுவும் இல்லை. வேலை முடிந்து வரும்போது சுகாதார நிலையத்தின் கதவு மூடியிருக்கிறது. மருந்துக் கடை மட்டும் திறந்திருக்கிறது. கொடுக்காத லீவுக்குப் பதிலாகத் தூக்கம் தரும் சீசா விற்பனையாகிறது. இதுதான் உண்மை.

ஆகவே நாம் இரண்டு வேலைகளைச் சேர்த்துச் செய்ய வேண்டியிருக்கிறது. ஒன்று, வீட்டில் சீசாவை மறுப்பது. மற்றது, சர்க்காரிடமும் முதலாளியிடமும் கோருவது.

2023 ஜூன் முதல் வெளிநாட்டுக்கு ஏற்றுமதியாகும் இருமல் சிரப்பைச் சர்க்கார் அங்கீகரித்த சோதனைச்சாலையில் சோதித்த பிறகே அனுப்ப வேண்டும் என்று விதி வந்தது. காம்பியாவில் மானம் போனதால் வந்த விதி அது. நல்ல விதிதான். ஆனால் ஏற்றுமதிக்கு மட்டும்! சிந்துவாராவுக்குப் போன சீசாவுக்கு அப்படிப்பட்ட தடுப்பு எதுவும் இருக்கவில்லை. அயல்நாட்டுக் குழந்தைக்கு ஒரு சோதனை, நம் குழந்தைக்கு அதுவும் இல்லை என்றால் என்ன நியாயம்? உள்நாட்டில் விற்கும் ஒவ்வொரு தொகுதி சிரப்பும், அதில் ஊற்றும் ஒவ்வொரு பீப்பாய்த் திரவமும் வெளியே போகும் முன் சோதிக்கப்பட வேண்டும். ஆய்வாளர்கள் முறைப்படி தொழிற்சாலைக்குள் போகிறார்களா என்பது பொதுமக்களுக்குத் தெரிய வேண்டும். கலப்பட மருந்தால் மரணம் நேர்ந்தால் பத்து வருஷத்துக்குக் குறையாத சிறை, ஆயுள் வரைகூடத் தண்டனை என்று சட்டத்தில் 2008-லேயே சேர்த்துவிட்டார்கள். சட்டம் காகிதத்தில் தூங்கினால் பயனில்லை.

அதோடு, ஆரம்ப சுகாதார நிலையங்களில் மாலை நேரத்திலும் டாக்டர் இருக்க வேண்டும். நோயுற்ற குழந்தையைப் பார்த்துக்கொள்ளச் சம்பளத்துடன் லீவு வேண்டும். சங்கங்கள் தங்கள் கோரிக்கைப் பட்டியலில் பஞ்சப்படிக்கும் போனஸுக்கும் பக்கத்தில் இதையும் எழுத வேண்டும்.

கோரிக்கை நிறைவேறும் வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. 60, 50, 40 என்ற அந்த மூன்று எண்களை ஆலை வாசல் பலகையிலும் சங்க ஆபீஸ் சுவரிலும் எழுதிவைக்க ஒரு துண்டுச் சுண்ணாம்பு போதும். அடுத்த கிளைக் கூட்டத்தில் ஐந்து நிமிஷம் ஒதுக்கி, மூச்சு எண்ணுவது எப்படி என்று ஒரு நர்ஸை அழைத்துக் காட்டச் சொல்லலாம். எழுதப் படிக்கத் தெரிந்த தோழர் மற்றவருக்கு மருந்துச் சீசாவைப் படித்துக் காட்டலாம். இந்த வாரமே தொடங்குவோம்!